இங்க குடு, ஒரே ஒரு முடிச்சு

மனிதர்களில் ‘இங்க குடு’ என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் தேங்காய் துருவிக்கொண்டிருப்பீர்கள், அல்லது சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருப்பீர்கள், அல்லது சிக்கு விழுந்த நூலை முனை கண்டுபிடித்துப் பொறுமையாகப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் ஒரு நிழல் வந்து நிற்கும், கொஞ்ச நேரம் சும்மா பார்க்கும், ‘ச்சு’ என்று ஒரு சத்தம் போடும், பிறகு அந்த நிழலிலிருந்து ஒரு கை நீளும். “இங்க குடு.” அவ்வளவுதான். அந்த வேலை இனி உங்களுடையது இல்லை.

ஊர் ஊராகச் சில வருஷம் சுற்றிவிட்டுத் தொண்ணூற்று மூன்றில் அருப்புக்கோட்டைக்குத் திரும்பியவள் நான். இந்த இனத்தைக் கெய்ரோவில் டீக்கடையில் பார்த்திருக்கிறேன், லிவர்பூலில் துணி துவைக்கும் இடத்தில் பார்த்திருக்கிறேன். பாஷை தெரியாவிட்டாலும் கை நீளுவதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அப்பழுக்கில்லாத எடுத்துக்காட்டு ஒன்று வேண்டுமென்றால், என் அக்கா ஈவாவின் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அங்கே தினமும் காப்பி நேரத்துக்கு ஏசுவடியான் மாமா வருவார். அக்கா வீட்டுக்காரர் இன்பராஜுக்குச் சித்தப்பா.

மாமாவுக்குப் பந்தல்குடி ரோட்டில் டயர் கடை. அவர் அங்கிருந்து கிளம்பினால்தான் அங்கே வேலை நடக்கும் என்பதால், கடைப் பையன்களே அவருக்குச் செருப்பை எடுத்து வைத்து வழியனுப்புவார்கள். மிச்சமிருக்கும் ஊர் முழுக்க அவர் கை கொடுப்பதற்காகக் காத்துக் கிடக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

அவரிடம் கெட்ட எண்ணம் இருக்கிறதா என்றால், சல்லடை போட்டாலும் கிடைக்காது. அதுதானே கஷ்டம்! கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போடலாம். பிரியத்தோடு பிடுங்குகிறவரை என்ன செய்வது?

இன்பராஜ் அத்தான் மதுரையிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்து டிவியில் மாட்டினார். மேலேயிருந்து வரிசை வரிசையாக நண்டுகள் இறங்கும்; கீழே ஒரு சின்னப் பீரங்கி; சுட்டுத் தள்ள வேண்டும். அத்தான் இரண்டு நாளில் சலித்துப்போனார். அக்கா விடவில்லை. சோறு வடித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், அவள் கட்டைவிரலுக்கு அருப்புக்கோட்டையில் ஈடு கிடையாது. ஒருநாள் எல்லா நண்டுகளும் தீர்ந்து, திரையை அடைத்துக்கொண்டு ஒரு ராட்சச நண்டு வந்தது. சிவப்பு உடம்பு, மஞ்சள் கண். அக்கா அதுவரை பார்த்திராத நண்டு.

“இங்க குடு தாயி, இந்தப் பெரிய உருப்படிய மட்டும் நான் அடிச்சுத் தாரேன்.”

“வேணாம் மாமா, நானே...”

“ஏத்தா, பொம்பளப்பிள்ள பயந்துருவே. குடு.”

கொடுத்தாள். சின்ன மாமனார் நீட்டிய கையை எந்த மருமகள் தட்டுவாள்? பீரங்கி அங்கேயே செத்தது. மாமா ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்து, “இனி நீ பாத்துக்கோ” என்றார். எதைப் பார்ப்பது? அதன்பிறகு அக்கா எத்தனையோ தடவை விளையாடியும் அந்த நண்டு வரவேயில்லை.

நான் திரும்பி வந்தபோது லிவர்பூல் பழைய சாமான் கடையில் வாங்கிய இரண்டு கொக்கிகளும், சதுரச் சதுரமாகத் துளை போட்ட கெட்டித் துணியும் கொண்டுவந்தேன். கொக்கியின் மூக்கில் ஒரு குட்டிக் கதவு இருக்கும். துளைக்குள் நுழைத்து, ஒரு துண்டு நூலை மாட்டி இழுத்தால் கதவு தானே மூடிக்கொள்ளும், முடிச்சு விழும், நூலின் இரண்டு முனையும் புல் மாதிரி நிற்கும். துளைக்கு ஒரு முடிச்சு. துணி நிறைந்தால் தரைக் கம்பளம்.

அக்கா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஏய், இது டிவியில வந்த நண்டு மாதிரியே கட்டங் கட்டமா இருக்குடி” என்றாள். அப்போதே முடிவாகிவிட்டது: ராட்சச நண்டு. தறிக்காரர்களிடம் கழிவு நூல் வாங்கி, நாலைந்து இழை சேர்த்து முறுக்கி, சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் கூடை கூடையாக வெட்டி வைத்தாள். சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுக்கப் போகிறாளாம்.

அந்த ஏலத்தில் எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. பூசணியோ பொன்னாடையோ, ஏலம் கூறும் நல்லமுத்து வாத்தியார் பொருளை உயர்த்திப் பிடித்து, “இது யார் கைவேலை?” என்று கேட்பார். செய்தவர் எழுந்து சொல்ல வேண்டும். போன வருஷம் அக்கா சுட்ட கேக்கின் மேல் மாமா கடைசி நிமிஷத்தில் ஒரு செர்ரிப் பழம் வைத்திருந்தார். அக்கா எழுந்ததும் அவரும் எழுந்து, “நானும் ஒரு கை குடுத்தேன்” என்றார். மைக்கில் இரண்டு பெயரும் வந்தன. மாமா பெயர் முதலில்.

“இந்தத் தடவ என் பேரு மட்டும் வரணும்” என்றாள் அக்கா. வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

காப்பி நேரம் வந்தது. நிழல் விழுந்தது. ‘ச்சு’.

அக்கா அடுப்பில் பாலை இறக்கப் போன நேரத்தில் மாமா கொக்கியை எடுத்துக்கொண்டார். எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? அவளுக்கு எதிர்ப்பக்கத்தில். கம்பளத்துக்குச் சாயும் திசை ஒன்று உண்டு. எந்தப் பக்கம் உட்கார்ந்து இழுக்கிறோமோ அந்தப் பக்கம்தான் நூல் சாயும். அக்கா போட்டது தெற்கே சாய்ந்தது, மாமா போட்டது வடக்கே. ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகத் தெரிந்தது. நண்டு நடுவகிடு எடுத்துத் தலை சீவிக்கொண்டு கல்யாணத்துக்குப் புறப்பட்டது போலிருந்தது.

“அழகாத்தானே இருக்கு?” என்றார் மாமா.

“இருக்கு மாமா” என்றாள் அக்கா. அவர் தெருமுனை திரும்பியதும் ஒவ்வொரு முடிச்சாகப் பிடுங்கி எறிந்தாள்.

மறுநாளும் இதே கதை. பண்டிகையோ நெருங்கிக்கொண்டிருந்தது. மாமாவுக்கென்று தனியாக ஒரு துணியும் கொக்கியும் கொடுத்துப் பார்த்தோம். அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த இனத்தின் ரகசியம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. தரையில் கிடப்பது வேலையே இல்லை. அடுத்தவர் கையில் ஏறினால்தான் அது வேலை.

எனவே நான் அந்தத் துணியை எடுத்து, அதே நண்டை வரைந்து, வாசலருகே உட்கார்ந்து, மாமா வரும் நேரம் பார்த்து மகா மோசமாக முடிச்சுப் போட ஆரம்பித்தேன்.

“ஏ பாப்பா, ஊரெல்லாம் சுத்தி வந்து இதுதான் படிச்சியா? இங்க குடு!”

கொடுத்தேன். கொடுத்துக்கொண்டேயிருந்தேன். அவர் கை ஓய்ந்தால் வாங்கித் தப்பாக இரண்டு போடுவேன், உடனே பிடுங்கிக்கொள்வார். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா தன் நண்டை ஒரே திசையில் முடித்தாள்.

பண்டிகையன்று நல்லமுத்து வாத்தியார் கம்பளத்தை உயர்த்திப் பிடித்தார். சிவப்பு, வெயில் பட்டு, ஒரே சிவப்பாக நின்றது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. நண்டுக்கு அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் வேண்டாம்.

“இது யார் கைவேலை?”

அக்கா எழுந்தாள். என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. மாமா பாதி எழுந்துவிட்டார், வாயும் திறந்துவிட்டது. நான் பையிலிருந்து மாமா முடிச்சுப் போட்ட துணியை எடுத்து மடியில் விரித்து, மஞ்சள் கண்ணுக்கு நடுவில் ஒரு கறுப்பு நூலைச் செருகினேன்.

“அடியேய், கண்ணுல போயி... இங்க குடு!” என்று உட்கார்ந்துவிட்டார்.

“என்னோடது. முழுசும் நாந்தேன்” என்றாள் அக்கா.

“கைவேலை, ஈவா இன்பராஜ்!” என்றது மைக். ஒரே பெயர். அக்கா உட்காராமல், யாரோ ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்க வருகிறார்களா என்பது போல ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மாமா தலை நிமிரவேயில்லை. கறுப்பு நூலை உருவிக்கொண்டிருந்தார்.

அவருடைய கம்பளத்தில் இன்னும் ஒரு வரிசை பாக்கி. நான் விட்டதும் அவரும் விட்டுவிட்டார். யார் கையிலும் இல்லாத வேலையை அவர் எப்படி முடிப்பார்?

நீங்கள் அந்த இனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அருப்புக்கோட்டைப் பக்கம் வந்தால் எட்டிப் பாருங்கள். அந்த ஒரு வரிசையை மடியில் வைத்துக்கொண்டு, கொக்கியைத் தலைகீழாகப் பிடித்து, தப்புத் தப்பாக முடிச்சுப் போட்டபடி வாசலில் உட்கார்ந்திருப்பேன். காப்பி தருவேன். குடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, பேசாமல் பார்த்துவிட்டுப் போங்கள்.

என்ன, இப்போதே கை அரிக்கிறதா?