நினைத்தால் எழும்பிப் போகிறவர்

கருங்கல் வட்டாரத்திலேயே, ஜெபத்தின் நடுவில் எழும்பிப் போய் பைக் ஸ்டார்ட் செய்கிற ஒரே மனிதர் எங்கள் எபிரெயு அண்ணன்தான். கிழமை நாட்களில் டைல்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை சபைப் பாடகர் குழுவான கொயரில், அடிஸ்தாயி பாடும் ஒரே பேஸ் குரல். அவர் கீழே இறங்கினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.

பைபிளின் மூலமொழி என்று யூடியூபில் எபிரெயம் படிக்கப் போய் அந்தப் பெயரை வாங்கியவர், ஒரே வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டார். ஸாகர். நினைத்தல். பாத்ரூமுக்கு டைல்ஸ் கேட்டுப் போனாலும் இலக்கணம் கேட்காமல் திரும்ப முடியாது. வேர் மூன்றே மெய்யெழுத்து. தமிழில் வினை சாவகாசமாக வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். எபிரெயத்தில் பெரும்பாலும் முதல் ஆளாக வாசலில் நிற்கும். கதை சொல்லும்போது முன்னால் நம் 'உம்' மாதிரி ஓர் எழுத்தை மாட்டிக்கொண்டு, அடுத்த வினையையும் கையோடு இழுத்து வரும். பேழைக்குள் கிடந்த நோவாவைக் கடவுள் நினைத்தார். அடுத்த வினையிலேயே காற்றை அனுப்பிவிட்டார்.

"சும்மா இருந்து நெனக்கதுக்கு உள்ள சொல்லு இல்ல மக்கா அது. நெனச்சா எழும்பிப் போணும்."

போனார். அதுதான் தொல்லை. நோயுற்றோரை நினைத்துக்கொள்வோம் என்று போதகர் பெயர் வாசித்தால் போதும், அண்ணன் கொயர் அங்கியோடு வெளியே. சுளுக்குப் பிடித்தவர் வீட்டில்கூட போய் நின்றார். பின்னால் வரும் பாட்டு, கால் ஒடிந்த மேசையாக ஆடும்.

கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையன்று கொயர் மாஸ்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "ஓய், இண்ணைக்கு எழும்பினீருண்ணா இனி கொயர்ல உமக்கு எடமில்ல." அண்ணனுக்கு முகம் செத்துவிட்டதாம். பாடாவிட்டால் சோறு இறங்காத ஆள்.

நான் அப்போது பைக் சறுக்கி, கால் முறிந்து, மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஆராதனையைப் போனில் லைவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போதகர் வாசித்த முதல் பெயரே என்னுடையது. இருங்க அண்ணே, இருங்க என்று போனிடம் கெஞ்சினேன். திரையில் ஒரு வெள்ளை அங்கி எழும்பியது, சற்றுத் தயங்கியது, மாஸ்டர் பக்கம் திரும்பாமல் படத்தை விட்டே போய்விட்டது.

அதே அங்கியில் வார்டுக்குள் வந்தார். போதகர் என்று நம்பி பக்கத்துக் கட்டில்காரர் ஜெபிக்கச் சொல்ல, அதையும் செய்தார். பிறகு என் அருகில் உட்கார்ந்து, அன்று பாட வேண்டிய பாட்டின் பேஸ் பகுதியை மட்டும் முழுக்கப் பாடினார். மெட்டில்லாத வெறும் உறுமல். ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"கொயர்?" என்று கேட்டேன்.

"அது போச்சு," என்றார், ஆரஞ்சை உரித்தபடி.

அதன்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டார்.

போன மாதம் அண்ணன் டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆராதனையில் போதகர் அவர் பெயரை வாசித்தார். நான் பைக் சாவியைத் தடவுவதற்குள் வெளியே ஒரு ஸ்கூட்டர் கிளம்பியது. கொயர் மாஸ்டருடையது. பின்னாலேயே மொத்தக் குழுவும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

அன்று கோயிலில் பாட்டு இல்லை. வார்டில்தான் பாடினோம். பேஸ் மட்டும் கட்டிலிலிருந்து வந்தது.