ஓசிச்சோறு மேடம்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் ஓசிச்சோறு மேடத்தைப் போல அடுத்தவர் வீட்டில் சாப்பிட்ட ஆள் இதுவரை பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. நாமெல்லாம் கூப்பிட்ட பிறகு போய்ச் சாப்பிடுவோம். அவர் கூப்பிடாமலே போய் உட்கார்ந்து தட்டைக் கேட்பார்.

எங்கள் ஆபீஸ் பெரம்பலூரில் ஒரு செல்போன் கடை மாடியில் இருந்தது. பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். ஊரில் இருக்கும் வயதானவர்களைப் போய்ப் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, டாக்டரிடமும் சொந்தக்காரர்களிடமும் அவர்களுக்காகப் பேசுவது எங்கள் வேலை. மேடம் ஓய்வுபெற்ற நர்ஸ். ஆபீஸை நடத்தியவரும் அவர்தான். நான் சமூகப் பணியில் முதுகலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டிய அதே ஊர்களில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க நிமிர்ந்து நடப்பேன். மேடமோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"பெரியவங்களுக்கு என்ன ஆக்கியிருக்கீங்க? எனக்கும் அதையே போடுங்க."

எனக்கு மானம் போகும். அதுவும் சரியாகச் சோற்று நேரத்துக்குத்தான், சொல்லாமல்தான் போவார்.

அரியலூரில் ஒரு வீட்டில் எங்கள் தட்டில் ஆளுக்கு இரண்டு முட்டை. மூலையில் இருந்த வயதான அம்மாவுக்கு வெறும் கஞ்சி. மேடம் தன் தட்டைத் தூக்கி அந்த அம்மா மடியில் வைத்துவிட்டுக் கஞ்சியை எடுத்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு முட்டை ஆவாதுங்க மேடம்" என்றார் மகன்.

"யாரு சொன்னது, முட்டையா?"

அதற்குள் அந்த அம்மா இரண்டாவது முட்டையை விழுங்கியிருந்தார்.

பூலாம்பாடி வீடு அப்படிப்பட்டதல்ல. மகன் மலேசியாவில். இடுப்பு ஒடிந்த பெரியவர் கட்டிலில் கிடந்தார். பார்த்துக்கொண்டது மருமகள் செல்வி ஒருத்திதான். பெரியவர் சாப்பிட மறுத்து எலும்பும் தோலுமாகியிருந்தார். இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஆட்டுக்கால் சூப்பு வெச்சேன், மீன் கொழம்பு வெச்சேன். ரெண்டு வாய்க்கு மேல வாணாங்கிறாரு மேடம். தெருவே என்னையக் கொலைகாரிங்குது. அவரும் போன்ல, 'எங்கப்பாவப் பட்டினி போடுறியா'ன்னு கேக்குறாரு" என்று செல்வி அழுதாள்.

மேடம் வழக்கம்போல் உட்கார்ந்தார். ஏரி மீன் குழம்பு. மூன்று முறை சோறு வாங்கினார். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "கொழம்புல ஒரு கொறையும் இல்ல. எனக்கு அவசரமா வருது, பாத்ரூம் எங்க?" என்றார். மிச்சமிருந்த மானமும் போயிற்று.

செல்வி கொல்லைப்புறத்தைக் காட்டினாள். நான்கு படி இறங்கிப் போகவேண்டும். மேடம் எழுந்தவர், அப்படியே நின்று கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"அய்யா, நீங்க எப்படிப் போறீங்க?"

பெரியவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தின்னாத்தானேம்மா போவணும்."

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மருமவ. சின்ன வயசு. அவ கையால அள்ள வைக்கிறதுக்கு, இப்படியே போயிடலாம்."

அடுப்படி வாசலில் நின்ற செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒரு நாளும் மொவம் சுளிக்கலையே மாமா."

"அதாம்மா. சுளிச்சிருந்தா தின்னிருப்பேன்."

மறுநாளே மேடம் காலையும் மாலையும் வந்துபோக ஓர் ஆண் உதவியாளரை ஏற்பாடு செய்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கழிப்பறை நாற்காலி வந்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி வாசலில் நின்று மகனுக்குப் போன் போட்டார். "இந்தக் கை பட்டினி போடுற கையில்ல தம்பி. மூணு வாட்டி வாங்கித் தின்னவ சொல்றேன். மொதல்ல பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேளுங்க!"

பெரியவர் சாப்பிட்டார். ஆனால் உடம்பு அதற்குள் ரொம்பத் தளர்ந்துவிட்டிருந்தது. மார்கழிப் பனியில் சளி கட்டிப் போய்விட்டார். துக்கத்துக்குப் போனபோது செல்வி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போறதுக்கு மொத நா மத்தியானம் அவராவே கொழம்பு கேட்டாரு மேடம்."

பஸ்ஸில் திரும்பினோம். பெரம்பலூரில் இறங்கியதும் பெட்டிக்கடையில் ஒரு பன் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது எதுக்கு மேடம்?"

"ராத்திரிக்குத்தான். ஒத்த ஆளுக்கு எதுக்குடி அடுப்பு?"

எத்தனையோ வீட்டு அடுப்படியைப் பார்த்த நாங்கள் யாரும் மேடத்தின் அடுப்படியைப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்லாமல், சரியாகச் சோற்று நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பு சுத்தமாக, சில்லென்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு என்ன ஆக்கியிருக்கீங்க மேடம்? எனக்கும் அதையே போடுங்க."

"ஓசிச்சோறு திங்க வந்துட்டா பாரு" என்று திட்டிக்கொண்டே எழுந்துபோய் உலை வைத்தார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். போன வாரம் குழம்பில் உப்பு அதிகம். மூன்று முறை சோறு வாங்கினேன்.