அலமாரிக்குள் தலைமையாசிரியை

"உங்க வேலை நிரந்தரம் ஆகுற நாள் இன்னைக்குத்தானே சார்?" என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

"ஆமா டீச்சர். நாலு மணிக்கு ஹெச்.எம். மேடம் கையெழுத்துப் போடுறாங்க."

"அப்புறம் எதுக்கு இதை இங்க ஒட்டி வச்சிருக்கீங்க?"

அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாள் இருந்தது. அதன் தலையில் 'முதல் பரிசு' என்று சிவப்பு மையில் எழுதியது சாட்சாத் இந்தத் தமிழ் சாரேதான். எழுதி, ஊசி குத்தி, கண்ணாடியைப் பூட்டி, அந்தப் பெருமை முகத்தில் வடிய நின்றுகொண்டிருந்தார்.

அவரைப் பிள்ளைகள் உச்சம் சார் என்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்குக் கதைப்பின்னல் நடத்தும்போது தொடக்கம், சிக்கல், வளர்ச்சி வரைக்கும் சாதுவாக வருவார். உச்சம் என்று சொல்லும்போது மட்டும் மேசையில் ஓங்கி ஒரு அடி அடிப்பார். முன்வரிசைப் பிள்ளைகள் அதற்குள் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்வார்கள். அடி முடிந்த பிறகுதான் 'முடிவு' வரும்.

இந்த முறை அந்த ஐந்தும் வருகிற மாதிரி ஆளுக்கொரு கதை எழுதச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் அறையில் தட்டச்சு செய்து, பெயர் போடாமல், வராந்தாவில் இருந்த பெட்டியில் போட வேண்டும். யார் எழுதியது என்று தெரிந்தால் மார்க்கில் ஓரவஞ்சனை வந்துவிடும் என்பது அவர் கொள்கை. வெள்ளிக்கிழமைதான் பெயரைச் சொல்ல வேண்டும்.

"கதைக்கு என்ன டீச்சர் குறை? அஞ்சும் கச்சிதமா இருக்கு."

"கதையில வர்றது யாரு?"

"ஒரு தலைமையாசிரியை. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சிரிச்சிட்டு இருப்பாங்க. இவங்க நுழைஞ்சா நிறுத்திடுவாங்க. என்ன ஜோக்குன்னு தெரிஞ்சுக்க ஆசை, அதான் சிக்கல். சத்தம் வராத செருப்பு வாங்குறாங்க, கதவோரமா நிக்கிறாங்க, அது வளர்ச்சி. கடைசியில அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்கிறாங்க, கதவு மாட்டிக்குது, உள்ள இருந்து தும்முறாங்க. உச்சம்!" சுவரில் ஒரு அடி விழுந்தது.

"கழுத்துல கயிறு கட்டின மூக்குக்கண்ணாடி. இடுப்புல சாவிக்கொத்து. 'சத்தம், சத்தம்'னு எதையும் ரெண்டு தடவை சொல்ற வழக்கம். இது யாரு சார்?"

உச்சம் சார் இன்னொரு முறை படித்தார். ஐந்து உறுப்புக்கும் டிக் அடித்த மும்முரத்தில் ஆளைக் கவனிக்காமல் விட்டிருந்தார். போன வருடம் கழிப்பறைச் சுவரில் மேடத்தைப் படம் வரைந்த ஒருவன் இப்போது வேறு பள்ளியில் படிக்கிறான்.

அவர் அட்டெண்டரைத் தேடி ஓடினார். "அண்ணே, போர்டு சாவி கொடுங்க. அவசரம்."

"அதை அப்பவே மேடம் மேசையில வச்சுட்டேனே. எதுக்கு சார்?"

"அந்தக் கதையை எடுக்கணும்."

அட்டெண்டர் முகம் சுருங்கியது. "ஏன் சார் எடுக்கணும்? நல்லாத்தானே இருக்கு. விடுங்க சார்."

கதை தெரிந்த மாதிரி பேச வந்துவிட்டார் என்று உச்சம் சாருக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பெரிய மஞ்சள் சார்ட்டை வெட்டிக் கண்ணாடியின் மேலேயே ஒட்டினார். இடைவேளை மணி அடித்தது. அதுவரை அந்தப் பலகையை ஒரு பிள்ளை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது அறுபது பேர் மொய்த்தார்கள். ஒருத்தி கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து, ஓரமாக எட்டிப் பார்த்து, ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்தாள். தும்மல் வந்த இடத்தில் வராந்தாவே சிரித்தது.

அடுத்து அவர் வகுப்புக்குப் போனார்.

"அந்தக் கதையை எழுதினது யாரு? பயப்படாம சொல்லுங்க. நான் காப்பாத்துறேன்."

பின்வரிசை வரைக்கும் எல்லாத் தலையும் குனிந்தது. 'காப்பாத்துறேன்' என்று சொன்னதில் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது.

"சரி, அதுல ஒரு குறை இருக்கு. பரிசை ரத்து பண்றேன்."

"என்ன குறை சார்?" என்று எழுந்தாள் வகுப்புத் தலைவி.

"உச்சம்... கொஞ்சம் பலவீனம்."

"நேத்துதான் சார் அந்த உச்சத்துக்கு மேசையை ரெண்டு தடவை அடிச்சீங்க!"

"இது அநியாயம் சார்!" என்றது பின்வரிசை. பேர் தெரியாத ஒரு தோழனுக்காக நாற்பது பேரும் ஒன்றாக நின்றார்கள். மதியச் சாப்பாடு முடிவதற்குள் கோரிக்கை மனு தயாராகிவிட்டது. சிக்கல், வளர்ச்சி எல்லாம் வைத்து அழகாக எழுதி, கதையையும் முழுதாகப் பிரதி எடுத்து இணைத்து, எட்டுப் பேர் ஊர்வலமாகப் போய் மேடத்திடமே கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மூன்றரைக்கு அட்டெண்டர் வந்தார். "சார், மேடம் கூப்பிடுறாங்க."

உச்சம் சார் அறைக்குள் நுழைந்தார். மேசையில் இடது பக்கம் மனு, வலது பக்கம் அவருடைய வேலை நிரந்தர ஃபைல், நடுவில் மூடி திறந்த பேனா. மேடம் மனுவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல் பரிசு கொடுத்தது நீங்கதானா?"

"ஆ... ஆமா மேடம்."

"நிஜமாவே நல்லா இருந்துச்சா? இல்ல, வேற ஏதாவது காரணமா?"

இது பொறி என்று அவருக்குத் தோன்றியது. "அமைப்பு மட்டும்தான் மேடம் பார்த்தேன். ஆளை... ஆளைப் பார்க்கல."

"பின்ன ஏன் மறைச்சீங்க?"

மேடத்தின் குரல் லேசாக நடுங்கியது. இவ்வளவு கோபத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை.

"எழுதினது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும், ஃபைலில் கையெழுத்து விழுந்துவிடும். நாலு வருடம் இந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்தார். வீட்டில் மனைவி காலையிலேயே தன் அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லியும் ஆயிற்று. ஆனால் தெரியாது என்றால் மேடம் விடமாட்டார். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகத் தேடி, எந்தப் பிள்ளை என்று கண்டுபிடித்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இவ்வளவு நன்றாக எழுதுகிற ஒரு பிள்ளை இனிமேல் ஒரு வரிகூட எழுதாது.

"தெரியும் மேடம்," என்றார்.

மேடம் சட்டென்று நிமிர்ந்தார். "தெரியுமா?"

"நான்தான் மேடம். நானே எழுதினேன். பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அது கயிற்றில் தொங்கியது.

"நீங்களா? நீங்களா?"

"ஆமா மேடம்."

"முழுசுமா?"

"ஒவ்வொரு வரியும் மேடம்." பாதியில் நின்றால் பிள்ளைகள் மேல் சந்தேகம் திரும்பிவிடும். "எல்லாம் என் சொந்தக் கற்பனை."

"அலமாரிக்குள்ள அந்தம்மா தனியா உட்கார்ந்து, வெளிய இருக்கிறவங்க குரலை எண்ணுவாங்களே... அந்த இடம்?"

"அது எனக்கு ஒரே ராத்திரியில வந்துச்சு மேடம். எழுதுறப்போ கண் கலங்கிடுச்சு."

மேடம் பேனாவை மூடினார். ஃபைலையும் மூடினார்.

"நீங்க போகலாம். ஃபைலைப் பத்தி நான் யோசிச்சுச் சொல்றேன்."

வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேலை போனால் போகட்டும், ஒரு பிள்ளை பிழைத்தது. பயத்தையும் மீறி நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

வாசலில் அட்டெண்டர் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார். "மேடம் உங்ககிட்ட சொல்லிட்டாங்களா சார்? பத்து நாளா என்னை உட்கார வச்சு, வரி வரியா படிச்சுக் காட்டித்தானே அந்தக் கதையை எழுதினாங்க, பெட்டியில கொண்டு போய்ப் போட்டதே நான்தான்!"