மாப்பிள்ளைக்கு வந்த ஃபேன்

எஞ்சின் விஷயத்தில் நான் யாரிடமும் யோசனை கேட்பதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்பதில்லை. என் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு, யாராவது தாமாக வந்து சொன்னால் காது கொடுக்கிறேன். (அதற்கே நான் திருந்திவிட்டதாக ஊரில் பேச்சு.)

பேராவூரணியில் எனக்கு டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்குப் பின்னால் ஒரு பழைய திறந்த ஜீப் நின்றது. அதன் கிழட்டு எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு வேனிலிருந்த பெரிய டீசல் எஞ்சினைத் திணித்தேன். பழைய வண்டியில் பெரிய எஞ்சின் வைத்து ஓட்டினால் அமெரிக்காவில் அதற்கு ஹாட் ராட் என்று பெயராம். எங்கள் ஊரில் அதற்கு 'இவனுக்கு வேற வேலை இல்லை' என்று பெயர்.

எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதன் முன்பக்க விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. பிரேக் அடித்தால் எஞ்சின் லேசாக முன்னால் ஆடும், விசிறி போய் ரேடியேட்டரில் உரசும்.

வெல்டிங் பட்டறை ரபீக் பள்ளிக்கூட நாளிலிருந்து என் கூட்டாளி. குனிந்து பார்த்தான். "ரேடியேட்டரை ரெண்டு இஞ்ச் முன்னாடி தள்ளி வச்சுடலாம்டா. ரெண்டு நாள் குடு."

"கல்யாணத்துக்கே மூணு நாள்தான் இருக்கு. பெயின்ட் வேற அடிக்கணும்."

இடைவெளிதான் பிரச்சினை என்றால் இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் தீர்ந்தது. நாலு போல்ட்டைக் கழற்றி விசிறியை மூலையில் போட்டேன்.

"வண்டி ஓடுறப்போ காத்து தானா வந்து அடிக்கும். விசிறி எதுக்கு?"

"ஓடாதப்போ?"

"ஓடாத வண்டி ஏன்டா சூடாகப்போவுது?"

அவன் டீ குடிக்கப் போனான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பட்டுக்கோட்டை ரோட்டில் அறுபதில் விரட்டிப் பார்த்தேன். சூடு காட்டும் முள் அசையவே இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்துக்கு ஜீப்பில் இடமே போதவில்லை.

தங்கை மலர் மட்டும் நம்பவில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ அலங்காரம் செய்த கார் கேட்டது மாப்பிள்ளை வீடு. அதிலும் மாப்பிள்ளையின் தாய்மாமன், பந்தியில் அப்பளம் உடைந்திருந்தால்கூட எழுந்து போகிற ஆள். எல்லாரையும் பேசி மடக்கி என் ஜீப்தான் என்று முடிவு செய்தேன்.

"அண்ணே, வழியில வண்டி நின்னுச்சுன்னா ஒன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்" என்றாள் மலர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குப் போய் வாழப்போகிறவள் அவள்.

சித்திரை மாதச் சாயங்காலம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். மாப்பிள்ளை செந்தில் கோட்டு சூட்டு போட்டு, மாலையோடு ஜீப்பில் நின்றார். முன்னால் நாதஸ்வரம், அதற்குப் பின்னால் விளக்குகளும் ஜெனரேட்டரும் வைத்த தள்ளுவண்டி, அப்புறம் நான் ஓட்டுகிற ஜீப்.

கல்யாண ஊர்வலம் அறுபதில் போகாது என்பது இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனுக்குத்தான் தெரியவில்லை. தவில்காரர் ஒவ்வொரு முக்கிலும் நின்று வெளுத்து வாங்கினார். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முள் ஏறியது. "அண்ணே, சீக்கிரம் முடிங்க" என்று கத்தினேன். ரசிக்கிறேன் என்று நினைத்து அவர் இன்னொரு சுற்று வாசித்தார்.

டீக்கடை முக்கில் முள் சிவப்பைத் தொட்டது. பானட்டில் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்துக்குள்ளிருந்து ஆவி வந்தது. (சாம்பிராணி என்று நினைத்து ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.) எஞ்சினை அணைத்தேன். மலர் முகம்தான் கண்ணில் நின்றது.

தாய்மாமன் வந்துவிட்டார். நல்லவேளை, அவர் பார்த்தது ஆவியை அல்ல, மாப்பிள்ளையை. கோட்டுக்குள் செந்தில் வெந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மாப்பிள்ளைக்கு இப்புடி வேர்க்குது. ஒரு ஃபேன் வைக்கத் தோணலையா ஒங்களுக்கு?"

ஊர்வலத்தோடு வந்த ரபீக் டீக்கடைக்குள் ஓடி, ஆள் உயர ஸ்டாண்ட் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிற்றால் கட்டி, ஜெனரேட்டரில் சொருகினான். காற்று செந்தில் முகத்தில் அடித்தது. அவர் கண்ணை மூடிச் சிரித்தார். தாய்மாமனும் மீசையைத் தடவிக்கொண்டார்.

நான் ஃபேனைப் பார்த்தேன். ரேடியேட்டரைப் பார்த்தேன். இறங்கிப் போய் ஃபேனின் கழுத்தைப் பிடித்துக் கீழே திருப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் முள் இறங்கியது. ரபீக் பானட்டைத் தூக்கி, சாக்கை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குறைந்த தண்ணீரை மெதுவாக ஊற்றினான். ஊர்வலம் கிளம்பியது. தள்ளுவண்டி முன்னால் போக, மண்டபம் வரைக்கும் என் எஞ்சினுக்கு ஜிலுஜிலுவென்று காற்று.

"தம்பி, ஃபேன் கீழ பாக்குதே" என்றார் தாய்மாமன்.

"எஞ்சினுக்குங்க."

"மாப்பிள்ளைக்கு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறார் என்றே நான் நினைத்தேன். செந்தில்தான் மேலிருந்து குனிந்து, "விடுங்க மாமா. வண்டி நின்னா நடக்கணும். இந்தக் கோட்டோட என்னால நடக்க முடியாது" என்றார். அந்த நிமிஷம் அவர் காலில் விழுந்திருப்பேன். ஸ்டீயரிங் கையில் இருந்ததால் தப்பித்தார்.

மண்டப வாசலில், சொட்டச் சொட்ட நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு மலர் என்னைப் பார்த்தாள். அதோடு சரி. மூன்று மாதம் பேசவில்லை.

அந்த மூன்று மாதத்தில் ரபீக் சொன்னபடி ரேடியேட்டரை இரண்டு இஞ்ச் முன்னால் தள்ளினோம். விசிறியை மறுபடி மாட்டினோம். காற்று சிதறாமல் இருக்கச் சுற்றிலும் தகரக் கூண்டு அடித்தோம். அடுத்த கோயில் திருவிழாவில் ஒரு மணி நேரம் நகர்ந்து நகர்ந்து ஓட்டியும் முள் ஏறவில்லை. அதை மலருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். கோட்டு சூட்டோடு அதே ஜீப்பில் ஏறி நின்றேன். செந்தில் ஓட்டினார். முன்னால் தள்ளுவண்டியில், மாலை போட்ட ஒரு ஸ்டாண்ட் ஃபேன். எனக்குத்தான் என்று சந்தோஷப்பட்டுக் கோட்டுப் பொத்தானைக் கழற்றினேன். மலர் வந்து அதன் கழுத்தைப் பிடித்து ரேடியேட்டர் பக்கம் திருப்பினாள்.

"வண்டிக்கு வேர்க்கும்ணே" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். மண்டபம் வரை அந்தக் கழுத்தை விடவே இல்லை.