மாடிவீட்டுப் பூனையும் என் மீன்தோல் கையும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். என் இடது கை நலமா என்பதை மட்டும் நீதான் சொல்ல வேண்டும். தீக்காயத்துக்குப் போட மீன்தோலைப் பதப்படுத்தும் உன் ஆய்வுக்கூடமும், அங்கே உன்னோடு செதில் சுரண்டும் தோழிகளும் நலம் என்று நம்புகிறேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிச் சட்டையைப் போட்ட பிறகுதான் கைப்பகுதி கசங்கியிருப்பதை உன் அம்மா காட்டினாள். கழற்றச் சோம்பல். போட்டபடியே இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். சுருக்கம் போய்விட்டது, கூடவே தோலும். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, மீன்தோலில் புதுவிதக் கட்டு ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், சேர்கிறீர்களா என்றார். "அது என் பொண்ணு பண்ற வேலையாச்சே" என்று வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் ஏதோ சீட்டு, குலுக்கல் என்று விளக்கினார். கடையில் குலுக்கிப் போட்டு பிரஷர் குக்கர் கொடுப்பார்களே, அந்த மாதிரி என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். குக்கர் இன்னும் வரவில்லை. கட்டுப் போடும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். என் புண்ணை நானே பார்க்கும் தைரியம் எனக்கு என்றைக்கு இருந்தது?

மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவின் பூனை உனக்கு நினைவிருக்கும். யாரையும் மதிக்காமல் போகிறது என்று நீ மேனேஜர் என்று பெயர் வைத்தாயே, அதேதான். நான் கட்டோடு வீடு திரும்பிய அன்றே அது படியிறங்கி வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது. வீடுவீடாக மின்மீட்டர் கணக்கெடுத்த காலத்தில் என்னை நாய்கள் துரத்தியது உண்டு. ஒரு விலங்கு என்னைத் தேடி வந்ததே இல்லை. இதுவோ கடைக்குப் போனால் பின்னாலேயே வருகிறது, முடிவெட்டும் கடை வாசலில் காத்திருக்கிறது, குளித்தால் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறது. உன் அம்மா என் கையைத் தூக்கி மோந்து பார்த்தாள். "மருந்து வாசனைதாங்க வருது. ஆனா பூனை மூக்குக்குத் தெரியறது நமக்குத் தெரியுமா" என்றாள். அன்றிலிருந்து மீன் வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்கிறாள்.

அப்புறம்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மீனுடைய உயிரணு, மரபணு எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டு வெறும் பந்தலை மட்டும் வைப்போம், உங்கள் தோல் அதில் கொடி மாதிரி ஏறிக்கொள்ளும் என்று நீ சொன்னாய். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்தலில் ஒரு விதை ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்? இப்போதெல்லாம் தாகம் அதிகமாக இருக்கிறது. கண் சிமிட்டுவது குறைந்திருக்கிறது. கொசுவலைக்குள் படுக்கப் பயமாக இருக்கிறது. நேற்று வாளித் தண்ணீரில் காலை வைத்ததும் ஒரு நிம்மதி வந்தது பாரு, அதை எப்படிச் சொல்வேன். ஆகையால் என் எச்சிலை ஒரு புட்டியில் அடைத்துத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இருமல் மருந்துப் புட்டிதான், நன்றாக அலசிவிட்டேன். அதில் நான் எவ்வளவு, மீன் எவ்வளவு என்று பார்த்துச் சொல். என்ன வந்தாலும் முதலில் என்னிடம் சொல். அம்மாவுக்கு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இது என்னோடு போயிருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். நேற்று வீட்டுக்காரம்மா படியில் வழிமறித்துவிட்டார்.

"சார், ஒரு வாரமா என் பூனை வீட்ல வாயே வைக்கல. கையில என்ன கட்டி வச்சிருக்கீங்க?"

"மீன்தோலும்மா. வைத்தியத்துக்கு."

"என் பூனைய மயக்கறதுக்கு வைத்தியமா?"

"நான் கூப்பிடலம்மா. அதுவா வருது."

"அதுவா வர்றதுக்கு நீங்க என்ன மன்மதனா? இந்த மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு பூனை மேல வரணும், இல்ல நீங்க வீட்டக் காலி பண்ணணும்."

இவ்வளவு பேச்சுக்கும் மேனேஜர் என் பாதத்தின் மேல் உட்கார்ந்து நகத்தை நக்கிக்கொண்டிருந்தது. உன் அம்மாவின் தையல் வாடிக்கை முழுக்க இந்தத் தெருவில்தான். வேறு தெருவுக்குப் போனால் இந்த வயதில் அவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டும். என் கையில் ஒட்டின மீனால் அவள் பிழைப்பு கெடக் கூடாது, பாப்பா. அதனால், 'இவர் மனிதர்தான். பூனையைக் கவரும் உள்நோக்கம் எதுவும் இவருக்கு இல்லை' என்று உங்கள் ஆய்வுக்கூடத்து முத்திரை குத்தி ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்பு. இன்று ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிறார்கள். தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரம்மாவும் கூட வருகிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு இஸ்திரி போடும் அறிவோடு நீ நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

அப்பா

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். புண் நன்றாக ஆறிவிட்டது. நர்ஸம்மா சொன்னார்: "சார், யாருக்கு எந்தக் கட்டுன்னு போட்ட குலுக்கல்ல உங்களுக்கு விழுந்தது சாதாரணக் கட்டு. வெறும் மருந்துத் துணி. மீன்தோல் உங்களுக்கு அடுத்து வந்தவருக்குப் போச்சு."

வீட்டுக்காரம்மா விடவில்லை. "அப்ப என் பூனை எதுக்கு இவரு பின்னாலயே சுத்துது?"

"கையக் கட்டிப் போட்டதுல ஒரே எடத்துல உட்கார்ந்திருப்பாரு. அசையாத மடி கிடைச்சா பூனை விடுமா? பழகிப் பிடிச்சுப் போயிருக்கும்."

வீட்டுக்காரம்மாவும் நானும் ஒன்றாகவே திரும்பினோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "காலி பண்ண வேணாம் சார். நீங்க போனா அதுவும் பின்னாலயே வந்துரும். இங்கயே இருங்க, கீழயாவது என் கண்ணுல படட்டும்."

ஆகவே சான்றிதழ் வேண்டாம். தாகம் நின்றுவிட்டது. புட்டி வந்து சேர்ந்தால் திறக்காமல் எறிந்துவிடு. சரியாக அலசினேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை. உன் அம்மா இன்று மீன் வாங்கினாள். மேனேஜருக்கும் ஒரு துண்டு வைத்தாள். அது மோந்து பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்துவிட்டது. இந்த வரிகள் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். பேனா பிடித்த கையின் மேல் படுத்துத் தூங்குகிறது, எழுப்ப மனம் வரவில்லை.