காணாமல் போன புல்லாங்குழல்

கடவுளே நேரில் வந்து வரம் கொடுத்தாலும், வேக்கம் நைனா முதலில் அவரைக் கையலம்பிக்கொண்டு வரச் சொல்லியிருப்பார். அலம்பிக்கொண்டு வந்த பிறகும் நகத்தைக் காட்டச் சொல்லியிருப்பார். அப்படி ஒரு சந்தேகப் பிறவியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பார்த்தது போதாதென்று, அவர் வீட்டிலேயே வாடகைக்கும் இருந்தேன்.

அப்போது எனக்கு ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், டைம் ஆபீஸில் வேலை. காலையும் மாலையும் கம்பெனி பஸ். குடியிருந்தது குடியாத்தத்தில், லுங்கி நெய்யும் ஒரு தெருவில், நைனாவின் மாடிப் போர்ஷனில். தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்த இரைச்சலில் யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், கத்திக்கொள்வார்கள். கத்தியும் எட்டாத தூரமென்றால் வாயை அகலமாகத் திறந்து அசைப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு, அதே மாதிரி வாயசைத்துப் பதில் சொல்வார். கொஞ்ச நாளில் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் மேனேஜரிடம் அதே குரலில் லீவு கேட்டேன். அடிக்கத்தான் வருகிறேன் என்று நினைத்து மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

நைனா தறிகளை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருந்தார். ஓய்வில் அவருக்கு வாய்த்த தொழில், பழைய இசைத்தட்டுகளைக் கழுவுவது. அதற்கென்றே பெங்களூரிலிருந்து ஒரு வேக்கம் மெஷின் வரவழைத்திருந்தார். மேலே ரெக்கார்டு அளவுக்கு ஒரு சுழலும் தட்டு, அதன் பக்கத்தில் ஒரு குழாய், பெட்டிக்குள் மோட்டார். தட்டில் ரெக்கார்டை வைத்து, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்து விட்டு, பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார். பிறகு குழாயை ரெக்கார்டு மேல் இறக்குவார். குழாயின் அடியில் நீளமாக ஒரு பிளவு, அதன் இரண்டு ஓரமும் வெல்வெட். சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓவென்று அலறும். தண்ணீர், தூசி, எந்தக் காலத்திலோ யாரோ வைத்த விரல் ரேகை எல்லாவற்றையும் அந்தப் பிளவு உறிஞ்சி, பின்பக்க டியூப் வழியாக ஒரு பாட்டிலில் இறக்கிவிடும். ரெக்கார்டு காய்ந்து பளபளவென்று எழும். நைனா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்குது" என்பார். மறுபடி தண்ணீர், மறுபடி அலறல். இப்படித்தான் அவருக்கு வேக்கம் நைனா என்று பெயர் வந்தது.

பஞ்சு பறக்கும் தெருவில் தூசிக்குப் பயந்தவர் பிழைப்பு எப்படியிருக்கும்? வாசலில் ஈரத்துணி தொங்கும். உள்ளே வருகிறவர்கள் சட்டையை உதறிவிட்டுத்தான் வரவேண்டும். சம்பந்தி வீட்டார் வந்தபோதும் சலுகை இல்லை. சம்பந்தி கோபித்துக்கொண்டு, துண்டை உதறிய உதறலில் திரும்பியே போய்விட்டார். மற்ற வீடுகளில் விருந்தாளிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். இங்கே சரசக்கா, அதாவது நைனாவின் வீட்டம்மா, குடிக்கிற தண்ணீரைக் கொண்டுவருவதற்குள் நைனா கழுவின தண்ணீரைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"பாத்தியா? ஒரே ஒரு ரெக்கார்டுல வந்த அழுக்கு. இதை வெச்சுக்கிட்டுத்தான் இத்தினி நாளா சுத்தமான பாட்டுன்னு ஊரை ஏமாத்திட்டு இருந்திருக்கானுங்க!"

யார் ஏமாற்றினார்கள், எதற்கு ஏமாற்றினார்கள் என்று கேட்டால் உங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்.

அவர் உலகத்தைச் சந்தேகப்பட்டார் என்றால், உலகம் அவரைச் சந்தேகப்பட்டது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மனிதர் மோட்டார் ஓட்டினால், ஜன்னல் வழியாக ஸ்பிரிட் வாசனையும் வந்தால், தெரு என்ன நினைக்கும்? சரசக்காவே ஆரம்பத்தில் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால், "இந்தாய்யா, வாயை ஊது" என்று சோதித்துவிட்டுத்தான் சோறு போட்டாராம். நைனா ஊதிக் காட்டிவிட்டு, சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவாராம். பொருத்தமான ஜோடி.

கரண்ட் போய்விட்டால் நைனாவுக்கு இன்னொரு பேஜார். தெருவே அடங்கிவிடுமா, உடனே அவருக்கு எல்லாரும் தன்னைப் பற்றி ரகசியம் பேசுவதாகத் தோன்றும். வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு தெருவின் இரண்டு முனையையும் முறைப்பார். தறிகள் மறுபடி ஓடின பிறகுதான் உள்ளே போவார்.

இத்தனை சந்தேகத்துக்கும் நடுவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஆள் ஒருவர் உண்டு. ஆம்பூர் பாய். இப்போது பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். வாலிபத்தில் கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டியவர். நைனாவின் கல்யாணத்துக்கு அவர்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். கூலி வாங்கிக்கொள்ளாமல், அன்று காலையில் முதலில் போட்ட எல்.பி. ரெக்கார்டையும் மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் பிடித்த தோஸ்து. நைனாவின் ரெக்கார்டுகளில் முக்கால்வாசி பாய் தேடிப் பிடித்து அனுப்பியவை. அவற்றைச் சுமந்துகொண்டு கம்பெனி பஸ்ஸில் போய் வந்த கழுதை நான். சதுரமான பொட்டலத்தைப் பார்த்து, "இன்னா சார், டெய்லி பீட்சாவா?" என்று பஸ்ஸில் பெண்கள் கேட்பார்கள்.

அந்தக் கல்யாண ரெக்கார்டை மட்டும் நைனா போடவே மாட்டார். புது லுங்கியில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருந்தார். ஊசி பட்டால் தேயும், காற்றுப் பட்டால் கெடும். பல வருஷமாக அது வெளிச்சமே பார்க்கவில்லை. பாய் தன் பேரன் பிறந்த விருந்தில் அதைப் போட ஆசைப்பட்டுக் கேட்டபோது, நைனா சோறு இறங்காமல் யோசித்து, கடைசியில் என் கையில் கொடுத்தனுப்பினார். விருந்து முடிந்ததும் பாய் அதைத் திருப்பி என்னிடமே கொடுத்தார். லுங்கிகூட மடிப்பு கலையாமல் வந்து சேர்ந்தது.

நைனா அதை மெஷினில் இரண்டு பக்கமும் கழுவினார். வெளியே போய் வந்த ரெக்கார்டு இல்லையா? உலர்த்தினார். பிறகு, எடுத்ததுதான் எடுத்தோம் என்று பல வருஷத்துக்குப் பிறகு போட்டும் பார்த்தார். நான் மாடிப்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து ஒரு அலறல். மோட்டார் இல்லை, நைனா.

"புல்லாங்குழலைக் காணோம்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்தப் பாட்டு பாடகியின் குரல் வருவதற்கு முன்னால் தனிப் புல்லாங்குழலில் ஆரம்பிக்கும். அதுதான் காணவில்லையாம்.

"ஊசி சும்மா சுத்துது தம்பி. அப்பால நேரா பாட்டு வருது. குழலைக் கழட்டிட்டானுங்க!"

"கேக்குதே நைனா" என்று கத்தினேன்.

"கேக்குதுதான்யா!" என்று சரசக்காவும் கத்தினார்.

நைனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் பாய் இன்னா குடுத்தான்?"

அட்டையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வேறு மட்டமான தட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டான் பாய் என்று முடிவு கட்டிவிட்டார். நான் உடந்தை. மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விட்டார். துணைக்கு, அதாவது குற்றவாளியாக, என்னையும் இழுத்துக்கொண்டு.

"இன்னா பொருள் காணாமப் போச்சு பெரியவரே?"

"புல்லாங்குழல்."

"எங்க வெச்சிருந்தீங்க?"

"பாட்டுக்கு முன்னாடி."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை மூடிவிட்டு எங்களுக்கு டீ சொன்னார். அந்த டீயையும் நைனா குடிக்கவில்லை.

சிரிப்பாகத்தான் இருந்தது, பாய்க்கு விஷயம் தெரியும் வரை. நான் போய்ச் சொன்னதும் மனிதர் உடனே நைனாவுக்குப் போன் போட்டார், வைத்துவிட்டுக் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நான் குழலை எடுத்து இன்னா தம்பி பண்ணப்போறேன்? போன்ல கூப்பிட்டா திருடான்னுட்டு வெச்சுட்டான். எத்தினி பேரு எத்தினி சொல்லியிருக்காங்க, கவலைப்பட்டதில்ல. இவன் சொல்லிட்டானே" என்றார். அதற்கப்புறம் ரெக்கார்டு எதுவும் அவர் கொடுத்தனுப்பவில்லை.

இங்கே நைனாவின் நிலைமை அதைவிட மோசம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஒரே ரெக்கார்டைக் கழுவினார். கழுவுவார், போடுவார், தலையைப் பிடித்துக்கொள்வார். குழாயின் வெல்வெட் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. சரசக்கா ஒரு நாள் என்னைப் படியில் மறித்தார். "தம்பி, இந்த மனுசனுக்குன்னு பாயை விட்டா யாருமே கிடையாது. சண்டை இப்படியே நின்னுச்சுன்னா இவரு தாங்க மாட்டாரு. எப்படியாவது ஒருதபா கூட்டிட்டு வாங்க" என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பாயைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிவந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தார். நைனா 'வா' என்று சொல்லவில்லை. ரெக்கார்டைப் போட்டார். புல்லாங்குழல் அருமையாகக் கிளம்பி வந்தது. அவர் கழுவிய கழுவலில் கீறல் சத்தம்கூட இல்லை.

"எங்க இருக்குது? காட்டு!" என்றார் நைனா.

"இதோ வாசிக்கிறான்பா! அல்லா மேல சத்தியமா வாசிக்கிறான்!" என்று பாய் கத்தினார்.

"பொய்!"

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. தட்டு தள்ளாடி நின்றது. தெருவில் ஒவ்வொரு தறியாக அடங்கியது. இரைச்சல் நின்றால் எங்கள் எல்லாருக்கும் தானாகவே குரல் இறங்கிவிடும். பாய் களைத்துப்போய் சரசக்கா பக்கம் திரும்பி, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். "மோர் இருக்குது, தரட்டுமா?" என்றார் சரசக்கா.

நைனா துள்ளி எழுந்தார். "பாத்தியா, பாத்தியா! என் எதிர்லயே ரகசியம்! இன்னாடா சொன்னே அவகிட்ட?"

"தண்ணி கேட்டேன்" என்றார் பாய், அதே தணிந்த குரலில்.

"ஹாங்?"

பாய் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாக முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எனக்கும் சரசக்காவுக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னார். "தோஸ்து, உன் பீரோ நெருப்பு பத்திக்கிச்சு."

நைனா அந்த முதுகை முறைத்தபடி அப்படியே நின்றார். பீரோ பக்கம் கண்கூடப் போகவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்நாள் முழுக்கத் தறி இரைச்சலிலேயே நின்ற மனிதர். எல்லாரும் கத்திப் பேசி, எல்லாரும் உதட்டைப் பார்க்கும் தெருவில் ஒருவருக்குக் காது போனால் யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியவில்லை. மெல்லிசான சத்தங்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயிருக்கின்றன. ரெக்கார்டில்தான் அழுக்கு என்று நினைத்து அவர் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறார்.

பாய் திரும்பினார். வாயை அகலமாகத் திறந்து கத்தினார். "ஆமாம்பா! நான்தான் மாத்திட்டேன்! தப்புதான், என்னை மாப்பு பண்ணிடு!"

நைனா அவர் முகத்தைப் பார்த்தார். சரசக்கா முகத்தை, என் முகத்தைப் பார்த்தார். சந்தேகப்படுவதில் அவ்வளவு தேறிய மனிதரிடம் அந்தப் பொய் எடுபடுமா?

"நீ மாத்தல. உனக்குப் பொய் சொல்ல வராது" என்றார். பிறகு, "சரசு, நெஜமாவே குழல் இருக்குதா?" என்று கேட்டார்.

சரசக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். நைனா மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்போ அழுக்கு ரெக்கார்டுல இல்ல" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. பாய் போய் அவர் தோளை அணைத்துக்கொண்டார். இரண்டு கிழவர்களும் அழுதார்கள். நாங்களும்தான்.

வேலூரில் காது டாக்டரைப் பார்த்து ஒரு கருவி மாட்டினோம். அதை வைத்ததும் நைனாவுக்குப் புதிய சந்தேகங்கள் கிளம்பின. சரசக்கா இத்தனை வருஷமாகத் தன்னைப் பார்த்து முணுமுணுத்தது என்னென்ன என்று விசாரணை வைத்தார். பேச்செல்லாம் ஓரளவு கேட்டது. அந்தப் புல்லாங்குழல் மட்டும் கருவியில் குக்கர் விசில் மாதிரி கேட்கிறதாம். "இது அந்தக் குழல்காரன் இல்ல" என்று கருவியைக் கழற்றி வைத்துவிட்டார்.

இப்போது நான் வேலூரில் இருக்கிறேன். ஆனாலும் முடிந்த வெள்ளிக்கிழமைகளில் குடியாத்தம் பஸ் ஏறிவிடுவேன். அவர்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் எனக்கு வாரம் முடிந்த மாதிரி இருக்காது. தொழுகை முடித்து பாய் வருவார். நைனா கல்யாண ரெக்கார்டைப் போடுவார். ஊசி இறங்கியதும் பாய் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நைனாவின் காதோரம் குனிந்து, உரத்த குரலில் தன் வாயாலேயே அந்தப் புல்லாங்குழலை வாசிப்பார். பாய்க்குச் சுருதியும் கிடையாது, தாளமும் கிடையாது, பாதியில் இருமலும் வரும். நைனா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். "அப்படியே இருக்குது பாய்" என்பார். அதை மட்டும் அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.