நான் எந்த வேனிலும் இல்லை

கடலூரில் இருந்துகொண்டு வெயில் போதாமல் நோய் வந்தவள் நான். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். நீங்களும் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

இரண்டு வருடமாக இடுப்பிலும் காலிலும் வலி. எலும்புக்குள் யாரோ உட்கார்ந்து ரம்பத்தால் அறுப்பதுபோல இருக்கும். மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வந்ததால் வந்த வலி இது என்று மாமியார் சொல்லிவிட்டார். என் கணவர் வாயுத்தொல்லை என்றார். கொழுந்தனார் செல்வம் மட்டும் அக்கறையாக, அண்ணிக்கு நடை பத்தவில்லை என்று கண்டுபிடித்தார். (அடுப்படிக்கும் கூடத்துக்கும் நான் நடந்ததை நீட்டிப் போட்டால் கம்மாபுரம் போய்த் திரும்பி வந்திருக்கலாம்.)

ஒருநாள் கோலம் போட உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அப்புறம்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். சின்ன வயது டாக்டரம்மா. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வைட்டமின் டி மிகவும் குறைவு என்றார். வாரத்துக்கு ஒரு பொட்டலம் பவுடரைப் பாலில் கலந்து குடிக்க வேண்டும். தினமும் உச்சிப் பொழுதுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கை கால்களில் வெயில் பட உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

பவுடர் சுலபம். உட்காருவதுதான் கஷ்டம். ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளும் தெம்பு எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. முதல் நாளே மொட்டைமாடிக்கு ஒரு முறம் மிளகாய் வந்தது, காக்கா வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி. மறுநாள் உரிக்க ஒரு கிலோ பூண்டு. "சும்மாதான உக்காந்திருக்கே" என்றார் மாமியார். நானும் உரித்தேன். நான் அப்படித்தான். மினி பஸ்ஸில் இறங்க வேண்டும் என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்தே திரும்பியவள்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வெயில் புடவைக்குத்தான் படும். அதனால் கணவரின் பழைய கைலியை முழங்கால் வரை மடித்துக் கட்டி, மகனின் கையில்லாத பனியனைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒளிந்து உட்காருவேன். (என் முழங்காலைச் சூரியன் அதுவரை பார்த்ததே இல்லை. இரண்டு பேருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.) ஆனால் இரண்டாவது மாதம் வலி குறைய ஆரம்பித்தது. கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறினேன். அதனால் ஒருநாளும் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

கொழுந்தனார் மகனுக்கு நிச்சயதார்த்தம் வைத்த அந்த வெள்ளிக்கிழமையும் விடவில்லை.

பெண் வீடு சிதம்பரம். எங்கள் வீட்டிலிருந்துதான் எல்லோரும் கிளம்புவது. ராகு காலம் முடிந்து பன்னிரண்டு மணிக்கு இரண்டு வேன், பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. விடிவதற்கு முன்பே எழுந்து அத்தனை பேருக்கும் புளிசோறு கிண்டிக் கட்டியாயிற்று. எல்லோரும் பூ வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்கள். என் முறை எப்போதும் கடைசி. அதற்குள் கொஞ்சம் வெயில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனை சார்ஜில் போட்டுவிட்டு மாடிக்குப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம். செல்வம். கேஸை மூடியாயிற்றா, மோட்டாரை நிறுத்தியாயிற்றா என்று வீட்டையே தாங்குகிறவர்போல் எல்லாவற்றையும் சரிபார்ப்பது அவர் பழக்கம். மாடிக் கதவில் நின்று எட்டிப் பார்த்தார். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்கவும் செய்தார்.

நான் இருந்தேன். கைலியில் இருந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு டேங்கோடு டேங்காக ஒட்டிக்கொண்டேன்.

உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

கிளம்பும்போது கணவர் தேடுவார் என்று இருந்தேன். கீழே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. கைப்பிடிச் சுவருக்கு ஓடினேன். தெரு முழுக்க உறவு, இரண்டு டிரைவர்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டம். வாயைத் திறந்தேன். குனிந்து என் காலைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேன்கள் போய்விட்டன. பெண்கள் வேனில் நான் கணவரோடு வருவதாக நினைத்தார்கள். அவர் நான் பெண்கள் வேனில் இருப்பதாக நினைத்தார். ஒரு வேனிலிருந்து இன்னொரு வேனை எட்டிப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்னி நட்சத்திர வெயில். தரையில் கால் வைக்க முடியவில்லை. டேங்க் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து என் மடியளவு ஆனது. மூடியைத் திறந்து தண்ணீரை அள்ளினால் டீ போடலாம்போல் கொதித்தது. தலை சுற்றியது. வெயில் இல்லாமல் நோய் வந்தவள் வெயிலாலேயே செத்தாள் என்று ஊர் சொல்லப்போகிறது, அதையும் சிரித்துக்கொண்டே சொல்லப்போகிறது என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

பக்கத்து வீட்டு மாடிக்கு பிலோமினா அக்கா துணி எடுக்க வந்தார். அவரிடம்கூடக் கூச்சம். கண் இருட்டிக்கொண்டு வரவே எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏ மல்லிகா, நீ சிதம்பரம் போவல?"

"விட்டுட்டுப் போயிட்டாங்கக்கா."

அக்கா என் கைலியைப் பார்த்தார். குடையையும் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்து இடைவெளியைத் தாண்டி வீசினார். அப்புறம் ஒரு புடவையை வீசினார். அது காற்றில் விரிந்து போய் எங்கள் முருங்கை மரத்தில் தொங்கியது. நான் சொன்ன எண்ணுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"உங்க வூட்டம்மா மொட்டமாடியில மாட்டிக்கிட்டு இருக்காங்க."

அந்தப் பக்கம் நாதஸ்வரம் கேட்டது. கணவர், "அதான பாத்தேன். பீரோ சாவி அவகிட்டயா இருக்கு?" என்றார்.

பெண்ணுக்குப் போடும் மோதிரம் எங்கள் பீரோவில். சாவி எப்போதும் என் தாலிச்சரட்டில் ஊக்கோடு தொங்கும். கிளம்பும்போது மோதிரத்தை நானே எடுத்துவந்திருப்பேன் என்று இருந்திருக்கிறார்கள். மோதிரம் இல்லை என்று தெரிந்துதான் அங்கே தேடல் நடந்துகொண்டிருந்தது. என்னைத் தேடி அல்ல.

அதுவரை என் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது.

"சாவி பத்தரமா இருக்குங்க. சாவிய மாட்டிக்கிட்டு ஒரு பொம்பளயும் இருக்கா. வேணும்னா வந்து எறக்கிட்டுப் போங்க."

ரயில் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். தெருவில் நாலு வீட்டு மாடியில் தலைகள் முளைத்தன. நான் ஒளியவில்லை. கைலியோடு குடை பிடித்து நின்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது கணவரும் செல்வமும் காரில் வந்து சேர. தாழ்ப்பாளைத் திறந்த செல்வம், "அண்ணி, நான் கேட்டனே, ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல" என்றார். அவர் முன்னாலேயே அதே கோலத்தில் படியிறங்கி, கார் டிரைவரையும் தாண்டிப் போய் முருங்கை மரத்துப் புடவையை இழுத்தெடுத்து, அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம்தான் பீரோவைத் திறந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சிதம்பரம் கீழ வீதி மண்டபத்தில் வெந்த முகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். குரல் கொடுத்திருக்கலாமே என்று வந்தவர்கள் எல்லோரும் எனக்கே புத்தி சொன்னார்கள். கூப்பிட்டிருக்கலாமே, தேடியிருக்கலாமே என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. அடுத்த பரிசோதனையில் வைட்டமின் டி ஏறியிருந்தது. அண்ணிக்கு ஒரே நாளில் ஏற்றிவிட்டது தான்தான் என்று செல்வம் இன்றைக்கும் பந்தியில் சொல்லுகிறார். பந்தியும் சிரிக்கிறது.

இப்போது எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும், கதவைப் பூட்டும் முன் அவர் மாடியைப் பார்த்து, "அண்ணி, இருக்கீங்களா?" என்று கூவ வேண்டும். அது எங்கள் குடும்ப வேடிக்கை ஆகிவிட்டது. பெரும்பாலும் நான் பக்கத்திலேயே செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பேன். ஆனால் உடனே பதில் சொல்லுவதில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிடட்டும்.